முஷியும் முழங்காலும்

என்னை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியதற்கு ஒரே காரணம் எனக்குப் பேசத் தெரியாது என்பதுதான். இதை நான் சொல்லவில்லை. என் தம்பி மனைவி ஸ்டெல்லா சொன்னாள்.

"மைனி, நான் போனா சண்டை வரும். எனக்க அண்ணன் போனா அடி விழும். நீங்க போனா அவருக்குச் சண்டை போட ஆளு கெடைக்காது. சும்மா அவருக்க முன்னால போயி இருங்க. இந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு மனுசன் எத்தனை நாளு தாங்குவாரு."

அவள் சொன்னது சரிதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு பொதுவில் வாயைத் திறந்தது குறைவு. பஸ்ஸில் என் இடம் வந்தால் "ஆள் இறங்கணும்" என்று சொல்ல வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற இடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். புருசன் இருந்த காலத்தில் அவர் சத்தம் போடுவார். அவர் போன பிறகு நடைதான்.

விஷயம் இது. என் தம்பி எட்வின் உகாண்டா நாட்டில் ஒரு மீன் குஞ்சுப் பண்ணையில் மேலாளராக இருக்கிறான். போனவன் ஊருக்குத் திரும்பவே இல்லை. போனில் பேசுவான், சாமான் அனுப்புவான், ஆள் மட்டும் வரமாட்டான். அவன் மகள் பெனிஷாவுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை மயிலாடிப் பக்கம், நல்ல குடும்பம். பெனிஷா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள். அப்பா வந்து கையைப் பிடித்து ஆலயத்துக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று. அவள் சொன்னால் சொன்னதுதான். எங்கள் குடும்பத்தில் பேச்சும் பிடிவாதமும் ஒரே ஆளுக்குக் கிடைத்தது அவளுக்கு மட்டும்.

அவன் ஏன் ஊரை விட்டுப் போனான் என்பதைச் சொல்ல வேண்டும். குவைத்திலிருந்து வந்து நின்ற காலத்தில் எங்கள் விளையில் தென்னைகளுக்கு நடுவே மூன்று குளம் வெட்டினான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குள் போய், பிளாஸ்டிக் பையில் காற்றடைத்து, விரல் நீளக் குஞ்சுகளாகக் கொண்டுவந்து விட்டான். ஆப்பிரிக்கன் முஷி. கிழக்கே உள்ளவர்கள் கெளுத்தி என்பார்கள். அரசாங்கம் வளர்க்கக் கூடாது என்று தடை போட்ட மீன். தடை போட்ட பிறகுதான் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்தது. செதில் கிடையாது, வழுவழுவென்று எண்ணெய் தேய்த்த மாதிரி இருக்கும். தட்டையான தலை, எட்டு மீசை, கண் மட்டும் பொட்டு அளவு. கோழிக்கடைக் கழிவைக் கொண்டு கொட்டுவான். அது எதையும் தின்னும். என் செருப்பு ஒன்று உள்ளே விழுந்தது, திரும்பக் கிடைக்கவில்லை. தின்னவில்லை என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

பிறகு ஒரு ஐப்பசி மழையில் கரை உடைந்தது. மற்ற மீன் என்றால் தண்ணீரோடு போய்விடும், யாருக்கும் தெரியாது. இது தண்ணீர் வடிந்த பிறகும் போயிற்று. பக்கத்துத் துடுப்பில் உள்ள முள்ளைத் தரையில் ஊன்றி, வாலை வளைத்து வளைத்து, ஈர ரோட்டில் ஊர்ந்து போகும். காற்றைக் குடித்து மூச்சு விடுகிற மீன், அவசரமே இல்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளை வேட்டியும் வேதப் புத்தகமுமாக ஆராதனைக்குப் போகிற சனத்தின் நடுவே, அதே திசையில், ஏறக்குறைய அதே வேகத்தில், முஷியும் போயிற்று. மூப்பர் ஒருவர் குடையால் ஒன்றைத் தள்ளிப் பார்த்தார். அது குடை நுனியைக் கவ்விக்கொண்டது.

அதெல்லாம் பெரியகுளத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்த நாட்டு முஷி, விரால், கெண்டை எல்லாவற்றையும் தின்றது. பிறகு தாராக் குஞ்சுகளை, அதாவது வாத்துக் குஞ்சுகளை, தின்றது. ஊரே எட்வினைத் திட்டிற்று. திட்டிக்கொண்டே பிடித்துக் குழம்பும் வைத்தது. அதிகாரிகள் வந்து, மிச்சக் குளங்களில் பிளீச்சிங் பவுடர் போட வைத்தார்கள். அன்றிலிருந்து அவன் பேர் முஷி எட்வின். எங்கள் ஊரில் பட்டப்பேர் விழுந்தால் கல்லறை வரைக்கும் வரும். பெனிஷாவைப் பள்ளிக்கூடத்தில் "முஷி மோள்" என்றார்கள். அவள் ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாள். கொஞ்ச காலத்தில் எட்வின் போய்விட்டான். போனவன் போன இடமும் அதே மீனின் சொந்த ஊர்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இடுப்பில் வாரைக் கட்டிவிட்டார்கள். அவிழ்க்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இறங்குகிற வரைக்கும் அப்படியே இருந்தேன். அங்கே இறங்கியதும் ஒரு அதிகாரி என் பையைத் திறந்து கொடம்புளிப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். மீன் குழம்புக்குப் போடுகிற புளி, கறுத்துச் சுருங்கி, காய்ந்த காது மாதிரி இருக்கும். இது என்ன என்று கையால் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். முகர்ந்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டு அவரையும் முகர வைத்தார். பிறகு ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்து, போ போ என்று கை காட்டினார்.

வெளியே எட்வின் நின்றான். தலை நரைத்து, தொப்பை போட்டிருந்தான். என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். ஸ்டெல்லா வருவாள் என்று நினைத்து, சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் தயாராக வைத்திருந்தான் போலிருக்கிறது.

"நீயா அக்கா? தனியாவா வந்த?"

நான் தலையாட்டினேன். அவன் சோர்ந்துபோனான்.

போகிற வழியெல்லாம் சிவந்த மண். இரண்டு பக்கமும் வாழை. வாழைக்கு நடுவே பலா, பலாவுக்குக் கீழே மரச்சீனி, மற்ற ஊர்க்காரர்கள் மரவள்ளி என்பது. மழை தூறிக்கொண்டிருந்தது. இத்தனை தூரம் பறந்து வந்து தக்கலையில் இறங்கிவிட்டேனோ என்று இருந்தது. ரோட்டோரத்தில் பலாப்பழத்தை, நாங்கள் சக்கை என்போம், வெட்டி வைத்து விற்கிறார்கள். எங்கள் ஊரில் சக்கையை விலை கொடுத்து வாங்குகிறவனைக் கிறுக்கன் என்போம். பக்கத்து வீட்டில் கேட்டால் சுமந்துகொண்டு வந்து போட்டுவிட்டுப் போவார்கள்.

பண்ணைக்குக் கொஞ்சம் முன்னால் வேன் சேற்றில் மாட்டிக்கொண்டது. வாடகை மோட்டார் சைக்கிள் இரண்டைக் கூப்பிட்டான் எட்வின். இங்கே பெண்களும் இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்காருகிறார்கள். நான் சேலையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்தேன், மடியில் பை. ஓட்டுகிறவனின் சட்டையைப் பிடிக்க வெட்கம். ஒரு வளைவில் வண்டி போயிற்று, நான் போகவில்லை. சேறு மெத்தென்றுதான் இருந்தது. கொஞ்ச தூரம் போய்த்தான் அவனுக்குத் தெரிந்தது. திரும்பி வந்து என்னைத் தூக்கிவிட்டு ஏதோ சொன்னான். எட்வின் தமிழில் சொன்னான்: "தாயே, சத்தமே இல்லையா, மூட்டைன்னு நெனச்சிட்டேன்னு சொல்லுகான்."

மறுநாள் காலைதான் பெரிய கோளாறு.

பண்ணையில் வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள், அதற்கு அப்பால் மண் குளங்கள். முகம் கழுவிவிட்டு அந்தப் பக்கம் போனேன். ரப்பர் பூட்ஸ் போட்ட, நல்ல உயரமும் பருமனுமான ஒரு பெண் வாளியோடு வந்தாள். நகாட்டோ என்று பேர், பண்ணையில் எட்வினுக்கு அடுத்த ஆள் அவள்தான் என்று பிறகு தெரிந்தது. என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தாள். ஈரத் தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றி உட்கார்ந்து, தலையைக் குனிந்து, மெதுவாக ஏதோ சொன்னாள்.

காலையில் முழங்காலிட்டு ஒருத்தி குனிந்தால் அது எதற்கு என்று எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நின்றுகொண்டிருந்தால் பக்திக் குறைவு. நானும் முழங்காலிட்டுக் கண்ணை மூடினேன். அவள் ஜெபிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வயதில் மூத்தவள் தொடங்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, வெட்கத்தோடு பரமண்டல ஜெபத்தைத் தமிழில் சொல்லி முடித்தேன். ஆமென் என்றேன். நான்கைந்து குரல் ஆமென் என்றது. கண்ணைத் திறந்தால் வேலைக்காரர்கள் எல்லாரும் என்னைச் சுற்றி முழங்காலில் இருந்தார்கள். எட்வின் மட்டும் வாயில் பிரஷோடு வாசலில் நின்றான்.

நுரையைத் துப்பிவிட்டு வந்து சொன்னான். இங்கே பெண்கள் பெரியவர்களைக் கண்டால் முழங்காலிட்டுத்தான் நலம் விசாரிப்பார்களாம். "அவ உனக்கு குட்மார்னிங் சொன்னா அக்கா. நீ அதுக்குக் கூட்டு ஜெபமே நடத்திட்ட."

தப்பு நடந்துவிட்டது, சொல்லிவிடு என்றேன். அவன் போய்ச் சொன்னான், திரும்பி வந்தான். மேலாளரின் அக்கா பெரிய ஜெபக்காரி என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்களாம். நாளைக்கும் இதே நேரமா என்று கேட்கிறாளாம். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியாகத் தினமும் காலை தொட்டியருகே ஜெபம் என்று ஆயிற்று. மேலாளர் மட்டும் நின்றால் நன்றாக இருக்காதே. எட்வினும் முழங்காலிட்டான். ஊரில் அவன் ஜெபத்துக்கு வந்தது கிறிஸ்துமசுக்கு மட்டும்.

சாப்பாடு பரவாயில்லை. பச்சை வாழைக்காயைத் தோலுரித்து, வாழை இலையில் பொதிந்து ஆவியில் அவித்து, மஞ்சளாக மசித்து வைக்கிறார்கள். நிலக்கடலையை அரைத்து ஊற்றுகிறார்கள். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. பத்தியச் சோறு மாதிரி இருந்தது, ஆனால் எல்லாரும் மலை மாதிரி தின்கிறார்கள். மரச்சீனியும் உண்டு. அதை வெறுமனே அவித்து டீயோடு தின்கிறார்கள். மீன் குழம்பு தொடாமல் மரச்சீனியா என்று எனக்கு மனம் ஆறவில்லை. எவ்வளவு தூரம் வந்தாலும் சில காரியங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை.

அடுத்த நாள் முஷிக்குப் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். "நீ இதெல்லாம் பாக்காண்டாம் அக்கா" என்றான் எட்வின். அப்படிச் சொன்னால் யார் போவார்கள்.

இந்த மீன் ஆற்றிலும் ஏரியிலும் இருந்தால், மழை வெள்ளம் வந்ததும் புறப்பட்டுப் போய், வெள்ளம் ஏறின புல்தரையில் ராத்திரியில் முட்டையிடுமாம். ஆண், பெண்ணின் தலையைச் சுற்றி வளைந்துகொள்ளுமாம். தொட்டியில் வெள்ளம் ஏது, புல் ஏது. அதனால் இன்னொரு மீனின் தலைக்குள்ளிருந்து ஒரு கடுகளவு சுரப்பியை எடுத்து, அரைத்து, பெண்ணுக்கு முந்தின நாள் சாயங்காலமே ஊசி போட்டுவிடுகிறார்கள். அதற்கு மழை வந்துவிட்டது என்று தோன்றும். காலையில் நகாட்டோ அதன் முகத்தை ஈரத் துணியால் மூடிப் பிடித்து, வயிற்றை மெல்லத் தடவி அழுத்தினாள். பச்சையும் தவிட்டு நிறமுமாக முட்டை, கேப்பைக்கூழ் மாதிரி பேசினில் வழிந்தது. பெண் மீனைத் தட்டிக்கொடுத்துத் தண்ணீரில் விட்டார்கள். அது போய் மூலையில் படுத்தது.

ஆணுக்குத்தான் கஷ்டம். ஆணை அழுத்தினால் ஒன்றும் வராதாம். அதைக் கொன்று, வயிற்றைக் கீறி, உள்ளே இருக்கிற இரண்டு வெள்ளைப் பையை எடுத்து, அறுத்துப் பிழிந்து, முட்டையோடு சேர்த்து ஒரு கோழி இறகால் கலக்குகிறார்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது கல்யாணம். நகாட்டோ இறகை ஆட்டிக்கொண்டே ஏதோ சொல்ல, பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எட்வின் மொழிபெயர்க்க மாட்டேன் என்றான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் சொன்னான்: "எல்லா ஆம்பளைக்கும் இப்படி ஒரு ஏற்பாடு வச்சா வீட்டுல நிம்மதின்னு சொல்லுகா."

கலக்கின முட்டையை ஆகாயத்தாமரை வேரில் ஒட்ட விடுகிறார்கள். எங்கள் குளங்களில் அது படர்ந்து கிடக்க, அழிக்க ஆள் வைக்கிறோம். இங்கே அதுதான் தொட்டில். மறுநாளே பொரித்துவிடும். கண்ணுக்கு நூல் துண்டு மாதிரி துடிக்கும். ஓரளவு வளர்ந்ததை ஏரியில் தூண்டில் போடுகிறவர்கள் இரைக்கு வாங்கிப் போகிறார்கள், எங்கள் இனயம் கடற்கரையில் பெரிய மீனுக்குத் தூண்டிலில் சாளை மீனைக் குத்துகிற மாதிரி.

"பெத்த பிறகு இதுவ குஞ்சைப் பாக்காதா?" என்று கேட்டேன். அங்கே போய் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பாக்காது அக்கா. முட்டை போட்டதும் ரெண்டும் அதது பாட்டுக்குப் போயிரும்."

"ஓ" என்றேன்.  அவன் பேசினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பொழுது சாய்கிற வரைக்கும் என் பக்கம் வரவில்லை.

சாயங்காலம் கல்யாணப் பேச்சை எடுத்தேன். "பெனிஷா" என்று தொடங்கியதும் குஞ்சு பிரிக்க வேண்டும் என்று எழுந்தான். இதுதான் அவனுக்குச் சாக்கு. இந்த மீனுக்குக் கூடப்பிறந்தது என்கிற எண்ணம் கிடையாது. கொஞ்சம் பெரிதானது சின்னதை விழுங்கும். வாய்க்குள் முழுதாகப் போகாவிட்டால் தலை வெளியே நிற்க, வாலை மட்டும் கடித்துக்கொண்டு திரியும். அதனால் ஓட்டை போட்ட வாளியில் அரித்து அரித்துப் பெரிதையும் சின்னதையும் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். தை மாதம் தான் ஊருக்குப் போய்விட்டால் யார் பிரிப்பார்கள், ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும் என்றான். மறுநாள் நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் பிரித்தது நகாட்டோ. எட்வின் தொப்பி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படியை நான் எடுத்துக்கொண்டேன். ஊரில் அந்த மீனை நான் தொட்டது கிடையாது. கோழிக்குடல் தின்று வளர்ந்தது, சட்டிக்குள்ளும் அதே வாடை அடிக்கும் என்று அடுத்த வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இங்கே இதற்குத் தவிடும் சோயாவும் கொடுக்கிறார்கள். சாம்பல் போட்டு வழுவழுப்புப் போக உரசிக் கழுவி, தேங்காயும் மிளகாயும் மல்லியும் அரைத்து, கொடம்புளி போட்டு வைத்தேன். அவித்த மரச்சீனியும் வைத்தேன். வேலைக்காரர்கள் கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்றார்கள், திரும்பவும் கேட்டார்கள். எட்வினும் தின்றான். சட்டியில் மரச்சீனியைப் புரட்டித் துடைத்துத் தின்றான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அவ இப்ப எவ்வளவு உயரம் இருப்பா? போன்ல தலைதானே தெரியுது."

உன் காது வரைக்கும் வருவாள் என்று கை காட்டினேன். அவன் தன் காதைத் தொட்டுப் பார்த்தான்.

கல்யாண விஷயம் நகாட்டோவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நான் பெண்ணுக்கு அப்பாவின் அக்கா என்றதும் என்னைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தாள். எங்கள் பக்கம் அந்த உறவுக்கு மாமி என்று பேர், கல்யாணத்தில் பந்தி இலைக்கு உப்பு வைப்பதுதான் வேலை. இங்கேயோ பெண்ணைக் கட்டிக்கொடுப்பதில் அப்பாவின் சகோதரிக்குத்தான் முதல் இடமாம். மாப்பிள்ளையைச் சபையில் காட்டிக்கொடுப்பதே அவள்தானாம். புருசனோடு எப்படி இருக்க வேண்டும் என்று அந்தரங்கமெல்லாம் சொல்லிக்கொடுப்பதும் அவள் பொறுப்பாம். நீ என்ன சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்டாள். மீன் கழுவ என்றேன். எட்வின் அதை மொழிபெயர்த்ததும், நகாட்டோ தலையில் கை வைத்தாள். பிறகு தொட்டியிலிருந்து ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் இரண்டு கையிலும் தூக்கி விளக்கத் தொடங்கினாள். நான் உள்ளே போய்விட்டேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மீனைத் தண்ணீரில் போட்டுவிட்டு, எட்வினைப் பார்த்து விரலை நீட்டி ஏதோ கேட்டாள். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். எனக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. அந்த விரலுக்கு மொழி தேவைப்படவில்லை.

நான் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிற்று. ஸ்டெல்லா சொன்னபடி மூஞ்சியைக் காட்டியாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் பெனிஷா அழைப்பிதழ் அடிக்க விடாமல் காத்திருக்கிறாள். போனில் கேட்டாள், "மாமி, அப்பா வாறாவளா, இல்லியா. ஒண்ணு சொல்லுங்க." நான் வழக்கம்போலப் பேசாமல் இருந்தேன். அவள் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஜெபத்துக்கு முழங்காலிட்டபோது எனக்கு வழி தெரிந்தது.

எங்கள் சபைகளில் ஒரு பழக்கம் உண்டு. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஜெபத்தில் சொல்லிவிடுவது. மருமகள் குழம்பில் உப்பை வாரிக் கொட்டுகிறாள் என்று மாமியார் ஆண்டவரிடம்தான் முறையிடுவாள். மருமகள் பக்கத்திலேயே முழங்காலில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஜெபத்துக்குக் குறுக்கே பேசக்கூடாது, கண்ணைத் திறக்கக்கூடாது, எழுந்து போகக்கூடாது. பதில் இருந்தால் தன் முறை வரும்போது அவளும் ஆண்டவரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். ஆண்டவர் எங்கள் ஊரில் தபால்காரர் வேலையும் பார்க்கிறார். எல்லாரும் செய்வார்கள், நான் செய்தது கிடையாது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று தொடங்கினேன். "இந்தக் காலை வேளைக்காக ஸ்தோத்திரம். தண்ணீருக்காக, தொட்டிக்காக, நகாட்டோவுக்காக ஸ்தோத்திரம்."

பேரைக் கேட்டதும் நகாட்டோ ஆமென் என்றாள்.

"என் தம்பி எட்வினை நினைத்தருளும். அவன் பொய் சொல்லுகான் ஆண்டவரே. குஞ்சு பிரிக்க ஆளில்லன்னு சொல்லுகான். பிரிக்கது முழுக்க இவ. அவன் தொப்பி வச்சிட்டு நிக்கான். அங்க ஒரு பிள்ள கல்யாணத்த வச்சிட்டு, அப்பன் வாறானா இல்லியான்னு போனையே பாத்துட்டு இருக்கா. இவன் வராட்டா அவ கழுத்த நீட்ட மாட்டா. அதுவும் உமக்குத் தெரியும். இவனுக்கு என்ன பயம்னு மட்டும் எனக்குத் தெரியல்ல. அத நீர்தான் கேக்கணும். ஆமென்."

எல்லாரும் ஆமென் என்றார்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை.  அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் தொண்டையைச் செருமினான்.

"கர்த்தாவே" என்றான். அவன் குரலில் ஜெபம் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. "நான் வந்து பந்தல்ல நிப்பேன். எவனாவது ஒருத்தன் 'லேய் முஷி'ன்னு கூப்பிடுவான். நம்ம ஊருல கூப்பிடாம இருப்பானுவளா. மாப்பிள்ளைக்க ஆளுவ, அது என்னதுன்னு கேப்பாவ. இவனுவ விடிய விடியக் கதை சொல்லுவானுவ. எனக்க மோளு மாலையும் போட்டுட்டு அதக் கேட்டுட்டு நிக்கணுமா? பள்ளிக்கூடத்துல கேட்டது போதும் ஆண்டவரே. நான் இங்க இருந்தா அந்தப் பேரும் இங்க இருக்கும். அதாக்கும். ஆமென்."

ஆமென் என்றார்கள் எல்லாரும், ஒரு வார்த்தை புரியாமல்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்த மனிதனுக்கு ஒரு சங்கதி யாருமே சொல்லவில்லை என்று. ஸ்டெல்லா கோபத்தில் சொல்லியிருக்க மாட்டாள். பெனிஷாவுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. நான் எப்போதும்போல வாயைத் திறக்கவில்லை.

"ஆண்டவரே" என்றேன் மறுபடியும். "மாப்பிள்ளைக்க ஆளுவ பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, முக்குல காரை நிறுத்தி எட்வினுக்க வீடு எதுன்னு கேட்டாவ. டீக்கடையில ஒருத்தனுக்கும் தெரியல்ல. டிரைவர் எட்வினான்னு கேட்டானுவ, வாத்தியார் எட்வினான்னு கேட்டானுவ. அப்பம் மாப்பிள்ளைக்க அம்மதான் தலைய வெளிய நீட்டி, முஷி எட்வின்னு சொன்னா. அதுக்குப் பொறவுதான் வழி சொன்னானுவ. பெனிஷா சொல்லிக் குடுத்ததாக்கும் ஆண்டவரே. சும்மா எட்வின்னு கேட்டா தெரியாது, முஷி எட்வின்னு கேளுங்கோன்னு அவளே மாப்பிள்ளைட்ட போன்ல சொல்லியிருக்கா. வந்தவங்க சோபாவுல இருந்து மீன் ரோட்டுல போன கதையக் கேட்டாவ. அவதான் சொன்னா. குடையக் கவ்வினத நடிச்சே காட்டினா."

 நான் ஆமென் சொல்ல மறந்துபோனேன். யாரும் சொல்லவில்லை. தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகிற சத்தம் மட்டும் கேட்டது. மேலே வரவிடாமல் வலை போட்டு அடைத்தால் இது தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று எட்வின்தான் சொல்லியிருந்தான்.

"அவளா சொன்னா?"

இது ஆண்டவரிடம் கேட்டதில்லை. கண்ணைத் திறந்தேன். எட்வின் கண்ணைத் திறந்து, ஜெபத்துக்கு நடுவே, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"அவதான்" என்றேன்.

நகாட்டோ ஒரு கண்ணை மட்டும் திறந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு முழங்கால் வலித்திருக்க வேண்டும். எங்களுக்காக அவளே ஆமென் என்று சொல்லி எழுந்து, வாளியை எடுத்துக்கொண்டு குஞ்சு பிரிக்கப் போனாள்.

விமானத்தில் இந்த முறை எட்வின் பக்கத்தில் இருந்தான். வாரை அவிழ்க்கலாம் என்று சொன்னான். திருவனந்தபுரத்தில் இறங்கிக் காரில் வந்தோம். பாறசாலை வரைக்கும் பேசிக்கொண்டு வந்தவன், களியக்காவிளை தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டான். வெளியே மழை. முக்கு வரும்போது சீட்டில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தான்.

டீக்கடை முன்னால் பள்ளத்துக்காக டிரைவர் வண்டியை மெதுவாக்கினான். கடைக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். கையில் இருந்த டீ அப்படியே நின்றது.

"லேய், முஷி. வந்தியா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். எட்வின் என்னைப் பார்த்தான். நான் வெளியே மழையைப் பார்த்தேன். அவன் டிரைவர் தோளைத் தட்டி நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து இறங்கினான்.

"வந்தாச்சு" என்றான்.

"குஞ்சு ஒண்ணோ ரெண்டோ வல்லதும் கொண்டுவந்தியா?" கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏன், பெரியகுளத்துல உள்ளதெல்லாம் தின்னு தீத்தாச்சா? பகல்ல என்னத் திட்டினவனெல்லாம் ராத்திரி தூண்டிலோட நின்னது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீரா?"

கடை முழுக்கச் சிரித்தது. யாரோ ஒருவர் நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தார். ஒரு டீ வந்தது. எல்லாரும் தை மாதம் ஆலயத்துக்கு வந்துவிட வேண்டும், பந்திக்கு மட்டும் வரக்கூடாது என்று அவன் சத்தமாகச் சொல்வது கேட்டது. எனக்கு வீட்டுக்குப் போய் ஒதுங்க வேண்டிய அவசரம். சொல்ல வெட்கமாக இருந்தது. பேசி முடிக்கட்டும் என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.